பாறுக் கழுகும் மாட்டுத் தொழுவமும்

அருகிவரும் காட்டுயிர்களைக் காப்பது என்றவுடன், காட்டின் ஒரு பகுதியை வரையறுத்துச் சரணாலயமாக அறிவிப்பதும், வேட்டையைச் சட்டத்தின் துணைகொண்டு தடுப்பதுமே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. புலியும் காசிரங்காவின் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகமும் இன்று எஞ்சியிருப்பதற்கு இவ்விரு வழிமுறைகளே பெரிதும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் சற்றும் பிடிகொடுக்காத ஓர் அழிவு இந்தியத் துணைக்கண்டத்தில் 1990களில் நிகழ்ந்தது. இறந்த விலங்குகளின் இறைச்சியை உண்டு வாழும் பாறுக் கழுகுகளை யாரும் வேட்டையாடவில்லை. அவற்றின் உணவுக்கும் அன்று பஞ்சமில்லை. இருந்தும் 1992க்கும் 2007க்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சின என்பதைக் கணக்கெடுப்புகள் காட்டின.

இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் காணப்படுகின்றன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் நிலையாக வாழ்பவை. பிணந்தின்னிக் கழுகு என்ற பெயரால் ஊர்ப்புறத்தில் அறியப்படும் இப்பறவைகளுள் வெண்முதுகுப் பாறு, சிறகு விரிந்த நிலையில் இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமும், ஐந்து கிலோ அளவிலான எடையும் கொண்டது. இத்தனை எடையைச் சிறகடித்தே நெடுநேரம் சுமக்க இயலாது என்பதால், வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக் காற்றோட்டத்தில் ஏறி, சிறகை அசைக்காமலே வட்டமிட்டு, பிறகு அடுத்த காற்றோட்டம் வரை சரிந்து செல்வது இதன் வழக்கம். இவ்வாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தேடியலைய இதனால் முடிகிறது. பாறுகள் காலையில் தாமதமாகவே கிளம்புவதற்கும் இதுவே காரணம்.

இரை தேடும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வானில் பரவி நிற்கும் பாறுகள் நிலத்தைக் கண்காணிப்பதோடு பக்கத்துப் பாறுகளையும் கண்காணிக்கின்றன. ஒன்று கீழிறங்கினால் அதைக் கண்ட அடுத்ததும், அதைக் கண்ட அதற்கடுத்ததும் இறங்க, சிறிது நேரத்தில் பெருங்கூட்டமே கூடிவிடுகிறது. கண், வாய், ஆசனவாய் முதலிய மென்மையான பகுதிகளில் தொடங்கி, இறகற்ற நீண்ட கழுத்தைச் சடலத்தின் உட்பகுதி வரை நுழைத்து இறைச்சியைப் பிய்த்து உண்ணும் இக்கூட்டம் பெரிதாக இருந்தால், ஒரு முழு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாக்கிவிடும். அழுகிய இறைச்சியில் வளரும் நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை அமிலச் செறிவு மிகுந்த பாறின் இரைப்பையில் மடிந்துவிடுவதால், பிற உயிர்களைக் கொல்லும் உணவு இதற்குக் கேடு செய்வதில்லை.

இத்தகைய பறவைக்கு இந்தியாவைப் போல் வாய்ப்பான நிலம் வேறு இருந்திருக்க முடியாது. கோடிக்கணக்கான மாடுகள் வளர்க்கப்பட்டு, அவற்றுள் பெரும்பகுதி இறைச்சிக்காக அறுக்கப்படாமல் மூப்பாலும் நோயாலும் இறந்ததால், ஊருக்கு வெளியே மாடு தள்ளும் இடங்கள் பாறுகளின் நிலையான உணவுக் களங்களாயின. தோலை உரிப்பவர் உரித்துச் சென்ற பின் இறைச்சியைப் பாறுகள் தின்று தீர்க்க, காய்ந்த எலும்பைப் பொறுக்குபவர் உரத்துக்கும் பிற தொழில்களுக்கும் விற்று வந்தார். காட்டைவிட ஊரையும் தொழுவத்தையும் சார்ந்தே பெருகிய பறவை இது என்ற உண்மையை மறந்துவிட்டால், இதன் வீழ்ச்சியையும் புரிந்துகொள்ள முடியாது. 1980களில், உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பெரிய ஊனுண்ணிப் பறவை வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்கும் என்று பறவையியலாளர்கள் கருதும் அளவுக்கு அவை பெருகியிருந்தன.

ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் 350 அளவில் இருந்த இவற்றின் கூடுகள் பத்தாண்டுகளில் சில பத்துகளாகச் சரிந்ததை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் பதிவு செய்தார். கழுத்து தொங்க, மரக்கிளையில் பல நாள் சோர்ந்து அமர்ந்திருந்து, பின் விழுந்து இறக்கும் பறவைகள் பல இடங்களிலும் காணப்பட்டன. தொற்றுநோய், பூச்சிக்கொல்லி, உணவுத் தட்டுப்பாடு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டு ஒவ்வொன்றாக விலக்கப்பட்ட பின், பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் 2004இல் விடையைக் கண்டறிந்து வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி ஊசியே அந்த விடை.

இந்த மருந்து பாறுகளைக் கொல்லும் விதம் உடலியல் நோக்கில் கவனத்துக்குரியது. பாலூட்டிகள் புரதக் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற, பறவைகள் அதை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. பறவை எச்சத்தில் காணப்படும் வெள்ளைப் பகுதி அதுவே. டைக்ளோஃபினாக் கலந்த இறைச்சியை உண்ட பாறின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழக்க, வெளியேற வழியற்ற யூரிக் அமிலம் இரத்தத்தில் பெருகி, இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு பூசியது போல் வெண்ணிறப் படிவமாக உறைந்துவிடுகிறது. உள்ளுறுப்புக் கீல்வாதம் எனப்படும் இந்நிலையே, ஓக்ஸ் குழுவினர் ஆராய்ந்த இறந்த பாறுகளுள் பெரும்பான்மையானவற்றில் காணப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வான்கோழிக் கழுகு பாறுகளைக் கொல்லும் அளவைவிடப் பன்மடங்கு மிகுதியான மருந்தைக்கூடத் தாங்கிக்கொள்கிறது என்பதிலிருந்து, ஒரு மருந்து ஒரு பறவைக்குத் தீங்கற்றது என்பதை வைத்து மற்றொன்றைப் பற்றி முடிவுக்கு வர இயலாது என்பது தெளிவாகிறது.

நாட்டிலுள்ள எல்லா மாடுகளுக்குமா இந்த ஊசி போடப்பட்டது என்ற கேள்வி எழுவது இயல்பே. அவ்வாறு போடப்படவில்லை, போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பாறுகள் உண்ணும் சடலங்களுள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து உயிர்க்கொல்லும் அளவில் இருந்தாலே கண்டறியப்பட்ட சரிவு முழுவதும் நிகழ்ந்துவிடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு சடலத்தில் பல பத்துப் பறவைகள் கூடி உண்பதாலும், ஒவ்வொரு பறவையும் ஆண்டில் பல சடலங்களை நாடுவதாலும், எங்கோ ஓரிடத்தில் அந்த ஒன்று எதிர்ப்படுவது ஏறத்தாழ உறுதியாகிறது. கூட்டமாக உண்ணும் பழக்கமும் நெடுந்தொலைவு தேடும் ஆற்றலும் இவ்வாறு கேடாகவே முடிந்தன. ஐந்து வயதளவில் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெற்று, ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, அந்த ஒரு குஞ்சை மாதக்கணக்கில் வளர்க்கும் இப்பறவை, வளர்ந்த பறவைகளின் சாவு சிறிது கூடினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாதது.

மெலாக்சிகாம் என்னும் மற்றொரு வலிநிவாரணி மாட்டுக்குப் பலன் தருவதும் பாறுக்குத் தீங்கற்றதும் என்று உறுதிசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. பிரச்சினை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் சந்தையில் இருந்தது. அதுவும் ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும் என்ற நிலையில், 30 மில்லிலிட்டர் கொண்ட பெரிய குப்பிகளில் மலிவாக விற்கப்பட்டது. அந்தக் குப்பிகளில் கணிசமானவை மாட்டுத் தொழுவங்களுக்கே சென்றன. மத்திய அரசு 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை ஒரு வேளைக்குரிய சிறு குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட, மருந்து உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அரசின் ஆணையை உறுதிசெய்தது. ஒரு பறவையின் வாழ்வு குப்பியின் கொள்ளளவைப் பொறுத்ததாக மாறியது காட்டுயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் அரிதான நிகழ்வு.

காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பாறுகள் இடம்பெற்றிருப்பதால் அவற்றைக் கொல்வது கடுங்குற்றம். ஆயினும் சட்டம் தேடும் குற்றவாளி இங்கே இல்லை. மடிநோயால் துடிக்கும் கறவை மாட்டுக்கு அருகிலுள்ள கடையில் கிடைத்த மலிவான ஊசியைப் போடச் செய்த விவசாயி, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கூடு கட்டியிருக்கும் பறவையை அறிந்திருக்க நியாயமில்லை. அந்த விவசாயியைப் பொறுப்பாக்கும் எந்தத் திட்டமும் தோற்கும். அவர் கைக்கு எட்டும் மருந்து எது என்பதை மாற்றும் திட்டமே வெல்லும்.

பாறுகள் விட்டுச்சென்ற இடத்தைத் தெருநாய்கள் நிரப்பின. சடலங்களை அவற்றால் பாறுகள் அளவுக்கு விரைவாகவும் முழுமையாகவும் தீர்க்க முடிவதில்லை. மாறாக, அவற்றின் பெருக்கத்துடன் நாய்க்கடியும் வெறிநோய் அபாயமும் கூடின. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகளின் மறைவால் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மனித உயிரிழப்புகள் நேர்ந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. இத்தகைய மதிப்பீடுகள் கணக்கிடும் முறைக்கேற்ப மாறக்கூடியவை என்றாலும், இழப்பு பறவையோடு நிற்கவில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மும்பையில் இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு அளிக்கும் பார்சிகளின் மரபும், உண்ண வரும் பறவையின்றித் தடுமாறி, சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நாட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில், திருக்கழுக்குன்ற மலைக்கோயிலில் நண்பகலில் பொங்கலுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990களுக்குப் பின் வருவதில்லை. இன்று இம்மாநிலத்தில் பாறுகளைக் காண நீலகிரியின் வடக்கு அடிவாரத்திலுள்ள சீகூர்ப் பகுதிக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும்தான் செல்ல வேண்டும். ஆற்றோரத்து உயரமான நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறும், செங்குத்தான பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறும் கூடு கட்டுகின்றன. முதுமலையும் சத்தியமங்கலமும் பந்திப்பூரும் வயநாடும் சூழ்ந்த இந்நிலத்தில் புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் மானும் காட்டெருமையும் மருந்து கலவாத உணவாவதால், தென்னிந்தியாவில் எஞ்சிய மிகப்பெரிய கூட்டம் இங்கே தப்பித்தது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் இணைந்து 2023 பிப்ரவரியில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் எண்ணப்பட்டன. பின்னர் நடந்த கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை கூடியுள்ளது.

எனினும் இப்பகுதியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. காட்டோரத்தில் மேயும் மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், ஆத்திரமுற்ற உரிமையாளர் எஞ்சிய உடலில் நஞ்சு தடவி வைப்பதுண்டு. அடித்த விலங்கு திரும்பி வருவதற்கு முன்பே பாறுகள் அதை உண்டு கூட்டமாக மடியக்கூடும். இழப்பீட்டுத் தொகை தாமதமின்றி மாட்டுக்காரர் கையில் சேர்வது, இந்த வகையில், பாறுப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மாயாற்றங்கரைப் பாறுகளுக்காகக் கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு மருந்துக் கடைகளையும் மாடு வளர்ப்போரையும் கால்நடை மருத்துவர்களையும் நாடிச் சென்று நெடுங்காலமாகப் பணியாற்றி வருவது, களம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக உணர்ந்த செயல்.

ஹரியானாவின் பிஞ்சோர் முதலிய இடங்களில் பாறுகள் கூண்டில் வளர்க்கப்பட்டு, பெருகிய பின் வெளியில் விடப்படுகின்றன. நேபாளம் இன்னும் ஒரு படி முன்னே சென்று, மூத்த மாடுகளை விலைக்கு வாங்கிப் பராமரித்து, இயற்கையாக இறந்த பின் அவற்றைப் பாறுகளுக்கு உணவாக்கும் களங்களை ஊர் மக்களின் பொறுப்பிலேயே 2006 முதல் நடத்துகிறது. அங்கே பாறுகளின் எண்ணிக்கை மீளத் தொடங்கியிருக்கிறது. வளர்த்து விடுவதும் உணவிடுவதும் பயனுள்ளவையே, ஆனால் கடையில் நச்சு மருந்து கிடைக்கும் வரை இரண்டும் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் நீர்தான்.

டைக்ளோஃபினாக் தடைக்குப் பின் அதன் இடத்தைப் பிடித்த மருந்துகளுள் கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்வது ஆய்வில் தெரியவந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுவதும் உறுதியாயிற்று. இவ்விரண்டும் இந்தியாவில் 2023இல்தான் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன. முதல் தடைக்கும் இதற்கும் இடையில் 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. பறவைகள் இறந்த பின் மருந்தை ஆராய்ந்து தடை செய்யும் இம்முறையை மாற்றி, கால்நடைக்கான ஒவ்வொரு புதிய வலிநிவாரணியும் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று காட்டப்பட்ட பின்னரே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதியை அரசு கொண்டுவர வேண்டும். அதுவரை, மாட்டுக்கு ஊசி போடச் சொல்வோர் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் கேட்பதும், வேறு வலிநிவாரணி போட்ட சில நாளில் மாடு இறந்தால் அதை வெளியில் தள்ளாமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும் செய்யத்தக்கவை.