32 மாத்திரையை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அங்கே உண்டு. தூண் ஒன்றில் சிவன் ஆடுகிறார், பக்கத்தில் தாளவாத்தியம் வாசிக்கும் கணம். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, ‘அவர் என்ன கணக்கில் வாசித்திருப்பார்?’ என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று ‘சங்கீர்ணஜாதி’. அது தாளத்தைக் குறிக்கிறது என்பவர்களும் உண்டு, வேறு பொருள் சொல்பவர்களும் உண்டு. இன்றைய கர்நாடக இசையில் சங்கீர்ணம் என்றால் 9. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7. ஆக மொத்தம் ஐந்து ஜாதி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. 3, 4, 5, 7, 9 நீளச் சொற்கட்டுகளை வரிசையாக அடுக்கி, மிச்சமில்லாமல் 32ஐ நிரப்ப எத்தனை வழி?

உட்கார்ந்து எழுதினால் விடிந்துவிடும். ஆனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடைசிச் சொற்கட்டை மட்டும் பாருங்கள். அது 3 என்றால் முன்னால் 29 மாத்திரை நிரம்பியிருக்க வேண்டும். 4 என்றால் 28. இப்படியே 27, 25, 23. அந்த ஐந்து விடைகளையும் கூட்டினால் 32க்கு விடை வந்துவிடும். சின்ன எண்ணிலிருந்து ஏறிக்கொண்டே வந்தால் போதும்.

இது புதுசு ஒன்றும் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் படித்திருக்கிறோம் இல்லையா? வடமொழி யாப்பிலும் லகு 1, குரு 2. இவற்றால் ஒரு அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று விரகாங்கரும், பிறகு 1150 வாக்கில் ஹேமச்சந்திரரும் இதே முறையில்தான் எண்ணினார்கள். 1, 2, 3, 5, 8 என்று வந்தது. ஃபிபோனாச்சி புத்தகம் எழுதியது 1202இல்.

பைத்தானில் நாலு வரி எழுதிப் போட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை: 7,648.

சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. 7 மாத்திரைக்கு என் புரோகிராம் மூன்று வழி சொல்கிறது: 3+4, 4+3, தனி 7. ஆனால் அந்தத் தனி 7ஐ ‘தகதிமிதகிட’ என்று சொன்னால், அது காதுக்கு 4+3தானே? ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டேன். சரி, 7ஐயும் 9ஐயும் எடுத்துவிடலாம் என்று 3, 4, 5 மட்டும் வைத்து ஓட்டினேன். 2,121 ஆகச் சுருங்கியது. அதுவும் சரியில்லை. ‘தா-தி-கிணதொம்’ என்று கார்வை வைத்துச் சொன்னால் அதுவும் 7தான். ஆனால் அதை 4+3 என்று எந்த மிருதங்கக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்போ சரியான எண் எது? எதை ஒரு சொல்லாக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைக் கணினி சொல்லாது, வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

1980களில் ஜிம் கிப்பனும் பெர்னார் பெலும் ‘போல் பிராசசர்’ என்ற மென்பொருளை உருவாக்கியபோது இதைப் புரிந்துகொண்டுதான் வேலை செய்தார்கள். லக்னோ தபலா மேதை அஃபாக் உசேன் கானின் வாசிப்பிலிருந்து ஓர் இலக்கணம் எழுதினார்கள். அதை வைத்துக் கணினி புதுப்புது வரிசைகளை உருவாக்கும். கலைஞர் கேட்டு ‘சரி’, ‘தப்பு’ என்பார். தப்பு என்றால் திருத்த வேண்டியது இலக்கணத்தை.

என் புரோகிராமில் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஐந்து எண்களைக் கொடுத்துவிட்டு, அவற்றுக்கான சொற்களைக் கொடுக்காமல் விட்டது நான்தான். அடுத்த தடவை எண்களுக்குப் பதிலாகச் சொற்கட்டுகளின் பட்டியலையே கொடுக்கப்போகிறேன். பட்டியலில் எது இருக்கலாம், எது கூடாது என்று சொல்ல ஒரு மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும்.