கடலாய்வை நாடும் இளைஞருக்கு

கடல்வாழ் உயிர்களைக் காக்கும் பணியை நாடும் மாணவர், அதற்கு எப்பட்டம் வேண்டுமென்றே முதலில் வினவுகின்றனர். பட்டம் வேண்டியதே. ஆயினும் அப்பணிக்கு அடித்தளம், பொறுமையுடன் நோக்கிக் கண்டதைப் பிழையறக் குறித்துவைக்கும் பழக்கமேயாகும்.

நீலத் திமிங்கிலங்கள் இரைதேடிக் குளிர்ந்த கடல்களுக்கே செல்லும் என்பது முன்னாளைய பொதுக் கொள்கை. இலங்கையரான ஆஷா டி வோஸ், ஆய்வுக் கப்பலொன்றுக்கு விடாது மடல் வரைந்து, அதில் இடம்பெற்றார். 2003 ஆம் ஆண்டில், நமது கடலில் அத்திமிங்கிலங்களின் செந்நிறக் கழிவு மிதக்கக் கண்டார். கழிவு உண்டெனில் இரையும் உண்டன்றோ? பிறர் அருவருக்கும் அப்பொருளே அவர்தம் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

ஆனால், அவை இரையுண்ணும் தென்கடலோ பெருங்கப்பல்கள் ஓயாது செல்லும் வழி. மோதுண்டு மடிந்தவை பல. அவை திரளும் இடங்களை ஆய்வாளர் பலர் ஆண்டுக்கணக்கிற் குறித்துக் காட்டினர். 2022 ஆம் ஆண்டில், எம்.எஸ்.சி. என்னும் கப்பற் கம்பெனி தன் கப்பல்களை மேலும் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. குறிப்பேடு கப்பலையும் திருப்பியது!

ஆதலின் இளைஞர்களே, உயிரியலும் புள்ளியியலும் கற்பீர், நீந்தப் பழகுவீர், மீனவரிடம் கேட்டறிவீர். குறிப்பேட்டை மட்டும் இன்றே தொடங்குவீர். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.