கதிர் சிகிச்சையும் அன்றாட வாழ்வும்

புற்றுநோய்க்குரிய கதிர் சிகிச்சையை நம் சபை மக்கள் ‘கரண்டு வைத்தல்’ என்பர். அப்பெயரே அச்சத்தை விளைவிக்கிறது. கரண்டு என்றவுடன் அதிர்ச்சியும் தீப்புண்ணும் நினைவுக்கு வருகின்றன. குரல்வளையில் கண்ட நோயின் பொருட்டு நாமே ஏழு வாரங்கள் இச்சிகிச்சைக்குச் சென்று வந்தோம். பல்லாண்டுகள் நோயுற்றோரைச் சந்தித்து மன்றாடியிருந்தும், இதனைப் பெறுவோரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அதுவரை நாம் அறிந்திருக்கவில்லை. போதகர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1. சிகிச்சையின் தன்மை

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். 1951-இல் கனடா நாட்டில் கோபால்ட் கருவி நோயாளருக்குப் பயன்படத் தொடங்கியது. இன்று பெரும்பாலும் மின்னாற்றலைக் கொண்டு வலிமை மிக்க எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் கருவிகளே வழக்கில் உள்ளன. எனவே கரண்டு கருவிக்குள் செல்கிறதேயன்றி, நோயாளியின் உடலுக்குள் செல்வதில்லை.

கதிர்கள் உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. நலமுள்ள அணுக்கள் அச்சிதைவைப் பெரும்பாலும் சீர்செய்துகொள்ளும். புற்று அணுக்கள் அத்திறனில் குறைந்தவை. ஆதலால் முழு அளவும் ஒரே நாளில் தரப்படாமல் சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. வழக்கமாக வாரத்திற்கு 5 நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே. கழுத்துப் பகுதி நோய்கள் பலவற்றுக்கு 6 அல்லது 7 வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை அளிப்பர். முகத்திற்கும் கழுத்திற்கும் பொருந்தும் வலைமூடி ஒன்றைச் செய்து, அதனை மேசையோடு பிணைத்து, சில நிமிடங்கள் அசையாது படுத்திருக்கச் செய்வர். அப்போது வலியோ சூடோ இல்லை.

வெளியிலிருந்து கதிர் பெற்றவரின் உடலில் கதிர் ஏதும் தங்குவதில்லை. அவர் குழந்தையைத் தூக்கலாம். வீட்டாரோடு உண்டு உறங்கலாம். திருவிருந்தில் அனைவரோடும் பங்குபெறலாம். கதிர்ப்பொருளை உடலினுள் வைத்தோ உட்கொண்டோ பெறும் சிகிச்சைகள் சிலவற்றில் மட்டும், மருத்துவர் குறிப்பிடும் காலம்வரை விலகியிருத்தல் வேண்டும்.

2. அன்றாட வாழ்வு

முதல் இரு வாரங்களில் நம் வாழ்வில் மாற்றம் பெரிதாக இல்லை. காலையில் வகுப்பு, பிற்பகலில் மருத்துவமனை என நாள்கள் சென்றன. மூன்றாம் வாரத்தில் விழுங்குதல் துன்பமாயிற்று, குரல் கம்மியது. அதன்பின் பாடத்தைக் கரும்பலகையில் எழுதினோம். மாணவர் ஒருவர் அதனை உரக்க வாசித்தார். கழுத்துத் தோல் கறுத்து எரிந்தமையால் போதகருக்குரிய கழுத்துப்பட்டையை நீக்கிவிட்டு, தளர்ந்த பருத்திச் சட்டை அணிந்தோம். ரசம் ஆகவில்லை; குழைந்த மோர்ச்சோறும் கஞ்சியுமே இறங்கின. மருத்துவரைக் கேளாமல் அவ்விடத்தில் எண்ணெயோ பவுடரோ தடவலாகாது. புகையிலையை அறவே விடவேண்டும்.

எல்லாவற்றிலும் அரியது சோர்வு. இஃது உறங்கினாலும் நீங்காத சோர்வு. இதனை அவிசுவாசமென்றோ மனத்தளர்ச்சியென்றோ எளிதில் முடிவுசெய்யக் கூடாது. 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிப் படுத்த எலியாவைக் காண்கிறோம். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசிக்கவுமில்லை. இருமுறை எழுப்பி, உண்ணச் செய்தான். இடையே உறங்கவும் விட்டான். ஓரேபில் கடவுளின் குரல் கேட்பதற்கு முன் நிகழ்ந்த அருட்பணி அதுவே.

3. போதகரின் கடமை

முன்னர் நாம் பணியாற்றிய சபையொன்றில், ஒருவர் 20 நாள் சிகிச்சை பெற்றபின் நிறுத்திவிட்டார். சுகம் கிடைத்தாயிற்று, இனிக் கரண்டு வேண்டாமென மன்றாட வந்தோர் கூறினர். அவருடைய விசுவாசத்தைக் குலைக்கலாகாதென நாம் வாளாவிருந்தோம். உண்மையில் மறுத்துரைக்கும் அறிவு நம்மிடம் இருக்கவில்லை. கட்டி மீண்டும் வளர்ந்தது. அவரை அடக்கம் செய்தவரும் நாமே. சிகிச்சையில் இடைவெளி விழுமாயின் எஞ்சிய புற்று அணுக்கள் பெருகும் என்பதை அன்று அறிந்திருந்தால், அவ்வீட்டு வாசலில் நின்றாவது வாதாடியிருப்போம். எசேக்கியாவுக்கு ஆயுள் கூட்டப்பட்ட செய்தியை அறிவித்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கவும் சொன்னார். மன்றாட்டும் மருந்தும் அங்கு முரண்படவில்லை.

ஆகவே போதகர் முதலாவது கேட்கத்தக்கது, “நாளைக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும்? யார் உடன் வருகிறார்?” என்பதே. பேருந்துச் செலவுக்கும், அரசு மருத்துவக் காப்பீட்டுக்குரிய தாள்களுக்கும் சபை உதவலாம். சந்திப்பு சுருக்கமாக இருக்கட்டும். தொண்டை புண்பட்டவரைப் பேசவைக்க வேண்டாம். இயன்ற சிறு சபைப்பணி ஒன்றை அவரிடமே விட்டுவைத்தல் நலம்.

மேலும், சிகிச்சை முடிந்த பின்னரும் ஓரிரு வாரங்கள் புண்ணும் சோர்வும் மிகுதியாகலாம். சிகிச்சை முடிந்ததென்று சபையார் வருகையை நிறுத்துவது அக்காலத்தில்தான். நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. அந்நாள்களில் மாலைதோறும் கஞ்சியோடு வந்து, ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்து சென்ற மாணவரை நாம் மறப்பதற்கில்லை. அன்றன்றைய ஆகாரத்தை வேண்டக் கற்பித்த ஆண்டவர், அன்றன்றைய பெலத்தையே நமக்கு வாக்களித்திருக்கிறார். நோயாளிக்காக மன்றாடும்போது, நாளைய நாளுக்காகவும் பெயர் குறித்து மன்றாடுவோமாக. விடிந்ததும் அவரோடு புறப்படுவோமாக.