ஆற்றோடு போகும் பாதை – 6: குதிரைகள் நடந்த தடம்

மெல்க் அணையைத் தாண்டியதும் டேன்யூப் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. போன வாரம் கிரைன் ஊரிலிருந்து இப்ஸ் வரை நாம் பார்த்துக்கொண்டு வந்த ஆறு வேறு. படகுக்காரர்கள் ஒரு காலத்தில் பெயரைக் கேட்டாலே நடுங்கிய சுழல்கள் அங்கே இருந்தன. 1959-ல் கட்டி முடித்த இப்ஸ்-பெர்சன்போய்க் அணையின் தேக்கத்துக்குள் அந்த இடமே மூழ்கிவிட்டது. அதற்குக் கீழே 1982-ல் வந்த மெல்க் அணை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். மெல்க் அணைக்குக் கீழே வந்துவிட்டால் நீர்ப்பரப்பில் வரி வரியாக ஓட்டம் தெரிகிறது. கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது.

இங்கிருந்து கிரெம்ஸ் நகரம் வரை 36 கிலோமீட்டருக்கு அணை கிடையாது. இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்க, நடுவே ஆறு தன் போக்கில் போகும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். பாசாவிலிருந்து வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் பாதையில் என் மனம் ஒட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆகவே இந்த வாரம் முழுக்க இந்த 36 கிலோமீட்டருக்கே.

மெல்க் மடாலயத்தைப் பார்க்காமல் யாரும் இந்த வழியே போவதில்லை. 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கும் இடம். இப்போது பாறை மேட்டில் மஞ்சள் பூச்சோடு நிற்கும் கட்டடத்தை 1702-ல் தொடங்கி 1736-ல் முடித்தார்கள். அதை வடிவமைத்த யாகோப் பிராண்ட்டவர் 1726-லேயே இறந்துபோனார், முடிந்த கோலத்தைப் பார்க்கவில்லை. உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவலில் கதை சொல்லும் அட்ஸோ இந்த மடத்துத் துறவிதான். நூலகத்துக்கு மட்டுமே அரை நாள் ஒதுக்கலாம். வழிகாட்டி நூல்கள் இதையெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பதால் நான் கீழே இறங்கிப் பாதைக்கு வந்துவிடுகிறேன்.

வாஹாவில் இரண்டு கரையிலும் சைக்கிளில் போகலாம். வடகரையில் பெயர் பெற்ற ஊர்கள், ஒயின் கடைகள், கூட்டம். தென்கரையில் பழத்தோட்டங்கள், சின்னக் கிராமங்கள், அமைதி. முதல் பாதியைத் தென்கரையில் ஓட்டி, ஆர்ன்ஸ்டோர்ஃப் கிராமத்தில் ஆற்றைக் கடந்து, மீதியை வடகரையில் முடிப்பது என் யோசனை. மலைப்பிரதேசம் என்றதும் முழங்காலை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆற்றோரத்தில் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காற்றும் பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்து வந்து முதுகில்தான் படும்.

மலைக்கு நடுவே இப்படி ஒரு சமதளப் பாதை எப்படி வந்தது? இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இந்தப் பாதையின் பல பகுதிகள் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. ஆற்றோட்டத்தோடு கீழே போவதற்குப் படகுக்குத் துடுப்பும் சுக்கானும் போதும். உப்பும் மரமும் அப்படித்தான் இறங்கிப் போயின. ஆனால் ஒயினையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு எதிர்த் திசையில் மேலே வர வேண்டுமானால், கரையில் குதிரைகளைப் பூட்டிக் கயிறு கட்டி இழுத்தால்தான் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்த படகு வரிசை பெரியதாக இருந்தால் ஐம்பது, அறுபது குதிரைகள்கூடத் தேவைப்பட்டன. கரையில் மரம் நின்றால் கயிறு சிக்கும். சரிவாக இருந்தால் குதிரை வழுக்கும். அதனால் தண்ணீரை ஒட்டி, மரம் இல்லாமல், மேடு பள்ளம் இல்லாமல் ஒரு தடத்தை வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்து அரித்துக்கொண்டு போகும்போதெல்லாம் மறுபடி வெட்டினார்கள். 1829-ல் வியன்னாவில் டேன்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தடம் மட்டும் கிடந்தது. ஆற்றை எதிர்த்து மல்லுக்கட்டியவர்கள் வெட்டிய வழியில்தான் நாம் ஆற்றோடு சேர்ந்து சுகமாக உருட்டிக்கொண்டு போகிறோம்.

தென்கரையில் ஷோன்ப்யூல் கோட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் தலைக்கு மேலே, ஆற்றிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், ஆக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு தெரியும். ஏற்றம் கடுமையானது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுவதே மேல். மேலே போனால் ‘ரோஜாத் தோட்டம்’ என்று ஒரு பாறை விளிம்பைக் காட்டுவார்கள். 15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டையை ஆண்ட யோர்க் ஷெக் என்ற பிரபு, பிடித்து வந்தவர்களை அங்கே நிறுத்திக் கதவை அடைத்துவிடுவானாம். பட்டினி கிடந்து சாகலாம், அல்லது குதிக்கலாம். ஊர் ஊராகச் சொல்லும் கதை இது.

ஆவணங்களில் இருக்கும் யோர்க் ஷெக் எனக்கு இன்னும் சுவாரசியமானவர். இடிந்து கிடந்த கோட்டையை 1429-ல் திரும்பக் கட்டும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள். 1438-ல் ஆற்றில் மேல்நோக்கிப் போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமையும் கிடைத்தது. அதற்கு ஈடாக அவர் செய்ய வேண்டிய வேலை, குதிரைகள் நடக்கும் கரைத்தடத்தைச் செப்பனிட்டு வைப்பது. கொடுங்கோலன் என்று கதை சொல்கிற அதே ஆள்தான் இந்தப் பாதையின் பராமரிப்பாளரும். சுங்கம் கட்டி வயிறெரிந்த படகுக்காரர்கள் அவரைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள், அந்தக் கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று கோட்டை மதிலில் நின்று ஆற்றைப் பார்க்கும்போது ஊகிக்க முடிகிறது.

ஆக்ஸ்டைனிலிருந்து கொஞ்ச தூரத்தில் எதிர்க்கரையில் வில்லன்டோர்ஃப் கிராமம். 1908-ல் ரயில் பாதை போடும் வேலையை ஒட்டி அங்கே அகழாய்வு நடந்தபோது, 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுருவச் சிலை கிடைத்தது. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியது, வயது ஏறக்குறைய 30,000 ஆண்டு. அந்தக் கல் ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, வட இத்தாலியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் சக்கரமும் குதிரையும் பழகாத காலத்தில், கைக்குள் அடங்கும் ஒரு சிலையோ கல்லோ அவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது. மூலச் சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வியன்னா போய்ச் சேரும்போது விடாமல் பாருங்கள். தென்கரையில் பாகார்ன்ஸ்டோர்ஃபில் ரோமானியர்கள் 4-ஆம் நூற்றாண்டில் கட்டிய காவல் கோபுரத்தின் சுவர் நிற்கிறது. ரோமப் பேரரசின் எல்லை இந்த ஆறுதான். நாம் வந்த கரை பேரரசுக்குள், எதிர்க்கரை வெளியே.

ஆர்ன்ஸ்டோர்ஃபிலிருந்து எதிரே உள்ள ஸ்பிட்ஸ் ஊருக்குப் போகும் படகுத்துறைக்கு வந்தால், ஏறும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கார்களும் சைக்கிள்களும் ஏறும் தட்டையான பெரிய படகு. எஞ்சின் இல்லை. துடுப்பும் இல்லை. ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை உயரத்தில் ஒரு இரும்பு வடம் கட்டியிருக்கிறது. அதில் உருளும் கப்பியிலிருந்து இறங்கும் கம்பிகள் படகைப் பிடித்திருக்கின்றன. படகோட்டி சுக்கானைத் திருப்புகிறார். படகின் மூக்கு ஓட்டத்துக்குச் சற்றே சாய்வாகத் திரும்புகிறது. ஓட்டம் படகின் பக்கவாட்டில் மோதித் தள்ளுகிறது. கீழே அடித்துக்கொண்டு போக வடம் விடாது. போக மிச்சம் இருக்கும் ஒரே திசை, எதிர்க்கரை. கப்பி மேலே கிறீச்சிட்டுக்கொண்டே உருள, படகு சத்தமில்லாமல் நகர்ந்து சில நிமிடங்களில் ஸ்பிட்ஸ் கரையில் முட்டுகிறது. திரும்பி வர, சாய்வை மாற்றினால் போதும்.

இந்தப் படகுக்கு எரிபொருள் ஆற்றோட்டம். ஓட்டம் நின்றால் படகும் நின்றுபோகும். வாஹாவிலும் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டத் திட்டம் இருந்தது. 1970-களின் தொடக்கத்திலேயே உள்ளூர்க்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். ஆஸ்திரியாவின் டேன்யூபில் வரிசையாக அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் விடாப்பிடியாக நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2000-ல் யுனெஸ்கோ வாஹாவை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கோட்டை, மடாலயம், தேவாலயம் என்று அடுக்குகிறவர்கள் அந்த எதிர்ப்பையும் இங்கத்திய வரலாற்றில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆஸ்திரிய டேன்யூபில் தடையில்லாமல் ஓடும் நீண்ட பகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று வாஹாவ், மற்றது வியன்னாவுக்குக் கிழக்கே.

ஸ்பிட்ஸிலிருந்து மலைச்சரிவு முழுக்கத் திராட்சைப் படிக்கட்டுகள். சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் மண்ணைத் தாங்குகின்றன. பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் சூடு விடுவதால் கொடிக்கு நல்லது. மழைநீரும் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் எங்காவது ஒரு சுவர் சரியும், கையால்தான் திரும்ப அடுக்க வேண்டும். சுவர் இடுக்குகளில் பச்சைப் பசேலென்று ஒரு வகைப் பல்லி வெயில் காயும். வாஹாவின் முதல்தர வெள்ளை ஒயினுக்கு அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜூலையில் வந்தால் பாதையோரமெல்லாம் ஆப்ரிகாட் பழம் விற்பார்கள். வாங்கித் தின்றுகொண்டே போகலாம். உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தால் மரில்லன்க்னோடல் கேளுங்கள். நம் கொழுக்கட்டையில் பூரணத்துக்குப் பதில் ஒரு முழு ஆப்ரிகாட்டை வைத்து உருட்டியது மாதிரி இருக்கும். கொதிநீரில் வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருவார்கள்.

அடுத்து ட்யூர்ன்ஸ்டைன். சிலுவைப்போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து, மேலே தெரியும் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். பிடித்தவர் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லெயோபோல்ட். ஆக்ரே முற்றுகையின்போது ரிச்சர்டால் அவமானப்பட்ட ஆத்திரம் அவருக்கு. மீட்புப் பணத்தில் தனக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு வீனர் நொய்ஸ்டாட் என்ற நகரத்தையே உருவாக்கினார். கோட்டையை 1645-ல் ஸ்வீடன் படை தகர்த்துவிட்டது. ஊருக்குள் கூட்டம் அதிகம், தெரு குறுகல். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

ட்யூர்ன்ஸ்டைனைத் தாண்டினால் ஸ்டைன், அதோடு ஒட்டி கிரெம்ஸ். அணையில்லாத ஆற்றோடு வாழ்வதற்கு என்ன விலை என்று ஸ்டைன் ஆற்றங்கரையில் தெரியும். வாஹாவ் ஊர்களின் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் எட்டிய உயரத்தை ஆண்டோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 2002-லும் 2013-லும் வந்தவை பெருவெள்ளங்கள். நிரந்தரமாக உயர்ந்த மதில் எழுப்பினால் ஊருக்கு ஆறே தெரியாமல் போய்விடும். அதற்காக, கரையில் தாழ்ந்த சுவர் மட்டும் கட்டி, வெள்ள எச்சரிக்கை வந்ததும் அதன் மேல் தூண்களை நட்டு, நடுவே அலுமினியப் பலகைகளைச் செருகும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவார்கள். 2013-ல் அந்தத் தடுப்பு கிரெம்ஸைக் காப்பாற்றியது.

கிரெம்ஸில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினால் மலைகள் விலகிவிடும். 1976-ல் கட்டிய ஆல்டன்வொர்த் அணையின் தேக்கம் தொடங்கிவிடும். அதைத் தாண்டித் தென்கரையில், கட்டி முடித்தும் ஒரு நாள்கூட இயங்காத ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம் இருக்கிறது. 1978-ல் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி, மயிரிழை வித்தியாசத்தில் அதை வேண்டாம் என்று சொன்ன கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.