ஆறு மில்லியன் அட்டைகளும் ஒரு குருவியின் வேகமும்

ரயில் வண்டியின் சராசரி வேகத்தைக் கணக்கிடச் சொன்னால் நீங்கள் தயங்கமாட்டீர்கள். இரண்டு நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பயண நேரத்தால் வகுத்துவிடுவீர்கள். ஆனால் இரவு நேரத்தில், நம் கண்ணுக்குத் தென்படாத உயரத்தில் பறந்து செல்லும் ஒரு சிறு குருவியின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? அது வந்த நேரத்தைக் குறித்துவைக்க ஸ்டேஷன் மாஸ்டருக்கு எங்கே போவது?

அப்படிப்பட்ட ஸ்டேஷன் மாஸ்டர்களை ஊர் ஊராக ஏற்படுத்திய ஒருவர் இருந்தார். வெல்ஸ் குக் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் ஆசிரியராகப் பணியாற்றியவர். வட அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் பூச்சி புழுக்கள் மறைந்துவிடும். எனவே பல பறவைகள் தெற்கே சென்றுவிட்டு, வசந்த காலத்தில் வடக்கே திரும்புகின்றன. இதைத்தான் வலசை என்கிறோம். அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு வகைப் பறவையையும் தத்தம் ஊரில் முதன்முதலாகக் கண்ட தேதியைக் குறித்து அனுப்புமாறு, 1881ஆம் ஆண்டு அயோவா மாநிலப் பறவை ஆர்வலர்களை குக் கேட்டுக்கொண்டார். 1883இல் தோன்றிய அமெரிக்கப் பறவையியலார் சங்கம் இந்த வேலையைக் கையில் எடுத்துப் பரப்பியது. பிறகு அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. கலங்கரை விளக்கக் காவலர்களிடம்கூடத் தகவல் கேட்கப்பட்டது. இரவில் வலசை போகும் பறவைகள் விளக்கொளியில் மயங்கிக் கண்ணாடியில் மோதி விழுவது அவர்களுக்குத்தானே தெரியும்! உச்ச காலத்தில் சுமார் 3,000 பேர் இதில் பங்குகொண்டனர். 1970இல் திட்டம் நிறுத்தப்பட்டபோது சேர்ந்திருந்த அட்டைகள் ஏறத்தாழ 60 லட்சம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பறவை வகை வந்த தேதி ஓர் அட்டையில் இருக்கிறது. வடக்கே மினசோட்டாவில் அதே வகை வந்த தேதி இன்னோர் அட்டையில் இருக்கிறது. தூரம் தெரியும். நாட்களின் வித்தியாசம் தெரியும். பல வகைப் பறவைகளுக்கும் இவ்வாறு கணக்கிட்டு, சராசரி வேகம் நாளொன்றுக்குச் சுமார் 23 மைல், அதாவது 37 கிலோமீட்டர் என்று குக் கண்டார்.

இந்த எண்ணைக் கண்டு நீங்கள் சற்று ஏமாற்றமடையலாம். சிறு பறவைகள்கூட மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியவை. அப்படியானால் ஒரு நாள் முழுவதற்கும் ஒரு மணி நேரப் பயணம்தானா? இல்லை. ஓர் இரவு பல மணி நேரம் பறந்துவிட்டு, அடுத்த பல நாட்கள் ஓரிடத்தில் தங்கி, இழந்த கொழுப்பை இரை தின்று சேர்த்துக்கொள்கிறது. கணநேர வேகமும் சராசரி வேகமும் வேறு வேறு என்று வகுப்பில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பழைய அட்டைகளுக்கு இன்று ஒரு புதிய மதிப்பும் ஏற்பட்டிருக்கிறது. 2009 முதல் தொண்டர்கள் அவற்றின் படங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். காரணம், பூமி வெப்பமடைவதால் வசந்தம் முந்தி வருகிறது; பறவைகளும் முந்துகின்றனவா என்பதை அறியப் பழைய தேதிகள் தேவை. முந்தாவிட்டால் என்ன நேரும் என்பதை ஐரோப்பாவில், நெதர்லாந்தில் பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஈப்பிடிப்பான் வகைக் குருவி ஒன்று அங்கே வந்து குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகளுக்குக் கம்பளிப்புழுக்கள் வேண்டும். வெப்பத்தால் புழுக்கள் பெருகும் காலம் முன்னே நகர்ந்துவிட்டது; தொலைவிலுள்ள குருவிக்கு அது எப்படித் தெரியும்? புழுக்காலம் மிகவும் முந்திவிட்ட காடுகளில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இக்குருவிகள் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2006இல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தனர்.

ஆனால் முதல் தேதியை மட்டும் நம்பினால் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் ஊரில் ஒருவர் மட்டும், அதுவும் ஞாயிறுதோறும் பறவை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வந்த பறவையை அவர் ஞாயிறன்றுதான் குறிப்பார். அடுத்த ஆண்டு இருபது பேர் தினமும் பார்த்தால், யாராவது ஒருவர் கண்ணில் அது வெள்ளியன்றே பட்டுவிடும். பறவை இரண்டு நாள் முந்திவிட்டது என்று முடிவு கட்டலாமா? ஆட்கள் கூடினார்களே தவிர, பறவை மாறவில்லை. அதனால்தான் பார்க்கச் சென்றும் காணாத நாட்களையும், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதையும் எழுதவேண்டும். ‘இல்லை’ என்பதும் ஓர் அளவீடே.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு, பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் ‘மைக்ரன்ட்வாட்ச்’ என்ற பெயரில் இத்தகைய பதிவைத் தொடங்கியது. பின்னர் அது ‘இ-பேர்டு’ என்னும் உலகப் பதிவேட்டுடன் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு வசந்தம் பறவைகளை வரவேற்கும் காலமன்று; குளிர்கால விருந்தாளிகளை வழியனுப்பும் காலம். காலையும் மாலையும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இங்கே இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே செல்வது அது. வந்த நாளைக் குறிப்பது சுலபம், குரல் கேட்டதும் எழுதிவிடலாம். போன நாளோ அப்படியல்ல. கேட்கும் ஒவ்வொரு நாளையும் எழுதி, கேட்காத நாட்களையும் ஒரு வாரம், பத்து நாள் விடாமல் எழுதிய பிறகுதான், கடைசியாகக் கேட்டது எந்த நாள் என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்லமுடியும். மார்ச் மாதத்திலேயே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிடுங்கள்.