சுற்றிப் போனால் சீக்கிரம்

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே போவதா, மேற்கே போவதா? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இரண்டு பக்கமும் தூரம்தான். பூமி உருண்டை மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் விடை வேறு. நூல் வடக்கே ஏறி, சீனா, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்குகிறது. நீளம் சுமார் 12,400 கி.மீ.

அந்த நூலின் மீது விமானங்கள் பறப்பதில்லை. கிளம்பியதுமே குறுக்கே நிற்கின்றன இமயமலையும் திபெத் பீடபூமியும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேரச் சொச்சத்துக்குத்தான். திபெத்தில் தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். எங்கே இறங்குவது?

2015 டிசம்பரில் ஏர் இந்தியா இந்தத் தடத்தில் சேவையைத் தொடங்கியபோது மேற்கே பறந்து அட்லாண்டிக் வழியாகப் போனது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றினார்கள். ஜப்பானைத் தாண்டி, பசிபிக் வழியாக 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ சுமார் இரண்டு மணி குறைந்தது. பதினாலரை மணியில் விமானம் தரையிறங்கியது.

மாயம் காற்றில் இருக்கிறது. 30,000 அடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று, மணிக்கு 900 கி.மீ. வேக விமானத்தைப் பின்னாலிருந்து 130 கி.மீ. வேகத்தில் தள்ளினால், தரைக் கணக்கில் 1,030 கி.மீ. எதிரே வீசினால் 770 தான். பரிசல்காரருக்கு இது புதிய சேதியல்ல. இந்தக் காற்றை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். விளைவு, யாரும் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது குண்டு வீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் சிக்கித் திணறின.

காற்றை விடப் பெரிய தடை அரசியல். 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டது. யுனைடெட் நிறுவனம் தன் சான் பிரான்சிஸ்கோ - தில்லி சேவையை நிறுத்தியது. இந்திய விமானங்களுக்குத் தடையில்லை. ஆனால், அந்த வசதிக்கும் ஒரு விலை இருந்தது. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 777, எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். சின்ன ஊர், ஹோட்டல் அறைகள் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை விரித்துப் பலர் படுத்தார்கள். பாஷை தெரியாது, பழகிய சாப்பாடும் கிடையாது. மும்பையிலிருந்து மாற்று விமானம் வந்து, ஜூன் 8 அன்றுதான் அவர்கள் புறப்பட முடிந்தது.

அடுத்த அடி மேற்கே விழுந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போனவை குஜராத், அரபிக் கடல் என்று வளைந்து போயின. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கின. அந்த செப்டம்பர் 1 முதல் தில்லி - வாஷிங்டன் சேவையையே ஏர் இந்தியா நிறுத்திவைத்தது. விமானத் தட்டுப்பாடு ஒரு காரணம். மூடிய வானம் இன்னொன்று.