பிஸ்டன் இல்லாமல் பறந்த கார்

மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் எஞ்சின் கொள்ளளவு 1,308 சி.சி. சிறிய குடும்பக் கார்களில் இருக்கும் அளவுதான். ஆனால் 1991 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, அந்த எஞ்சின் 255 குதிரைத்திறன் தந்தது. 2002-ல் உற்பத்தி நின்றபோது அது 280 ஆகியிருந்தது. இத்தனைக்கும் அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை.

சுழலும் முக்கோணம்

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். அந்த அசைவைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றும். எரிபொருளின் உந்துதலை நேரடியாகவே சுழற்சியாக்க முயன்றார் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். அவர் யோசனையில் உருவான முதல் எஞ்சின் 1957-ல் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது.

இடுப்புப் பகுதி சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோண ரோட்டார். அதன் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை உரசியபடியே சுற்றும்போது, இடையில் உருவாகும் மூன்று அறைகள் விரிந்து சுருங்கும். காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என நான்கு வேலைகளும் அடுத்தடுத்து நடக்கும். காற்றும் புகையும் போய்வரும் துளைகளை ரோட்டாரே திறந்து மூடிவிடும்.

ரோட்டார் ஒருமுறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டார் ஓர் உந்துதல் தருகிறது. நான்கு வீச்சு எஞ்சினின் பிஸ்டனோ இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான் தரும். அதனால்தான் ஜப்பானில் வாகன வரி கணக்கிடும்போது ரோட்டரி எஞ்சினின் கொள்ளளவை 1.5-ஆல் பெருக்குகிறார்கள். 654 சி.சி. ரோட்டார்கள் இரண்டு கொண்ட ஆர்எக்ஸ்-7, அந்தக் கணக்கில் 1,962 சி.சி.; 2,000 சி.சி. வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

சாத்தானின் நகக்கீறல்

ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா 1961-ல் இந்த ரோட்டரி எஞ்சினுக்கான உரிமத்தை வாங்கியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இறங்கினார்கள். ரோட்டார் முனையிலுள்ள சீல்கள் அதிர்ந்து, கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறின. அவற்றுக்குச் ‘சாத்தானின் நகக்கீறல்’ என்றே பெயர் வைத்தார்கள். கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் வந்த பிறகே சிக்கல் தீர்ந்தது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 1978-ல் முதல் ஆர்எக்ஸ்-7 பிறந்தது.

சிறிய எஞ்சின் தந்த உடல்

எஃப்டி என்று கார் பிரியர்கள் அழைக்கும் மூன்றாம் தலைமுறைக் காரின் உயரம் 1.23 மீட்டர்தான், எடை சுமார் 1,260 கிலோ. எஞ்சின் கையடக்கமானது என்பதால், அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளித் தாழ்வாக வைக்க முடிந்தது. முகப்பு தாழ்ந்தது, முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமானது. வளைவுகளில் கார் சட்டென்று திரும்புவதன் ரகசியம் இதுதான்.

டர்போவும் இரண்டு. குறைந்த வேகச் சுழற்சியில் ஒன்று மட்டும் காற்றைத் திணிக்கும். நிமிடத்துக்கு 4,500 சுற்றுகளை நெருங்கும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். ரோட்டரியின் பலம் பந்தயக் களத்திலும் தெரிந்தது: 1991 ஜூனில் நான்கு ரோட்டார் கொண்ட மாஸ்டா 787பி, லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல்முறை.

அதே வடிவம், அதே வினை

பலம் தந்த வடிவமே பலவீனத்தையும் தந்தது. எரியும் அறை நீண்டு மெலிந்தது, சுவர்ப்பரப்பு அதிகம். வெப்பம் சுவர் வழியே வீணாகும். எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போகும். சீல்களை வழவழப்பாக வைக்கக் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிந்தாக வேண்டும். பெட்ரோல் செலவு, மாசு என்ற இரண்டு தேர்விலும் திணறிய எஞ்சினுக்கு, கடுமையாகிவந்த புகை விதிகள் பெரும் சுமையாயின.

மூன்று தலைமுறைகளிலும் சேர்த்து 8 லட்சத்துக்கும் அதிகமான ஆர்எக்ஸ்-7 கார்கள் தயாராகின. 2023-ல் மாஸ்டா எம்எக்ஸ்-30 காரில் ரோட்டார் மீண்டும் வந்தது. ஆனால் 830 சி.சி. கொண்ட அந்த ஒற்றை ரோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் தயாரிப்பதோடு சரி. சிறிய இடத்தில் அடங்கி, அதிக அதிர்வில்லாமல் ஓடும் எஞ்சினுக்கு அது பொருத்தமான வேலைதான்.